சர்க்கார் குடியிருப்பும் வாக்குப் பெட்டியும்

வாக்களிக்கலாம்; ஆனால் எவருக்கு வாக்களித்தோம் என்பதைக் குறிப்பாலும் உணர்த்தலாகாது. மத்திய சர்க்கார் ஊழியர்க்கு வகுக்கப்பட்ட நடத்தை விதிகள் கூறுவது இது. கட்சியில் சேருதல், கட்சிக்குப் பொருளுதவி செய்தல், அபேட்சகருக்கு ஆதரவு திரட்டுதல் ஆகிய யாவும் அவர்க்கு விலக்கப்பட்டவை. இத்தகைய ஊழியர் திரளாக வாழும் ஒரு நகரத்தின் அரசியல் சாய்வை நாம் எவ்வாறு அறிவது? வாக்குப் பெட்டியைத் தவிர வேறு சான்று இல்லை.

புது டில்லி அத்தகைய நகரம். தலைநகர மாற்றம் 1911இல் தர்பாரில் அறிவிக்கப்பட்டது. புதிய நகரின் திறப்பு விழா 1931இல் நடந்தது. சம்பளத்துக்கேற்ற வீடு என்ற முறையில் சர்க்கார் குடியிருப்புகள் எழுந்தன. கணக்கும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழர் பலர் அவ்வீடுகளில் குடியேறினர். கோல் மார்க்கெட், லோதி காலனி, பின்னர் சரோஜினி நகர் எனப் பெயர் பெற்ற வினய் நகர் ஆகிய இடங்களில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கிற்று. 1946இல் டில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. பள்ளியும் சங்கமும் கோயிலும் கண்ட நம்மவர், அரசியலில் மட்டும் வாய் திறக்க இயலாதிருந்தனர்.

1952இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் நாடெங்கும் காங்கிரஸ் வெள்ளமாய்ப் பெருகிற்று. தலைநகரின் நடுவே, பிரதம மந்திரியின் மாளிகைக்கு அருகிலேயே, அவ்வெள்ளம் தடைப்பட்டது. நேரு குடும்பத்துக்கு உறவினரான மன்மோகினி ஸஹகலை எதிர்த்து, கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பில் நின்ற சுசேதா கிருபளானி வெற்றி பெற்றார். அதே தேர்தலில் புறநகர் டில்லியின் கிராம மக்கள், கேரளத்திற் பிறந்த சி. கிருஷ்ணன் நாயரைக் காங்கிரஸ் உறுப்பினராகப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். தெற்கத்தியர் ஒருவரை ஜாட் விவசாயிகள் நிறைந்த பகுதி ஏற்றது, நாம் பெருமையோடு நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

சுசேதா கிருபளானி 1957இல் காங்கிரஸ் சார்பிலேயே நின்று மீண்டும் வென்றார். இதற்கிடையே 1956இல் டில்லிச் சட்டசபை கலைக்கப்பட்டது. புது டில்லி நகராட்சிக் கமிட்டியோ நியமன உறுப்பினர்களைக் கொண்டது. ஆகவே அக்கமிட்டியின் எல்லையில் வாழ்ந்தவர்க்குப் பல ஆண்டுகள் பார்லிமெண்டு ஓட்டு ஒன்றே இருந்தது. பஞ்சப்படி, வீடு, சம்பளக் கமிஷன் ஆகிய எல்லாக் குறைகளையும் அந்த ஒற்றைச் சீட்டே சுமக்க வேண்டியதாயிற்று.

1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர் ஐந்து நாள் வேலை நிறுத்தம் செய்தனர். சர்க்கார் அவசரச் சட்டத்தால் அதனைத் தடை செய்தது. சுசேதா உத்தரப் பிரதேச மந்திரிசபைக்குச் சென்றதால் 1961இல் புது டில்லியில் இடைத் தேர்தல் வந்தபொழுது, ஜனசங்கத்தின் பல்ராஜ் மதோக் வென்றார். இவ்விரண்டையும் முடிச்சிட நமக்கு ஆசை எழுகிறது. எனினும் பிரிவினை அகதிகளை மறக்கலாகாது. 1941இல் 9 லட்சமாயிருந்த டில்லியின் ஜனத்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. அகதிகளிடையே ஜனசங்கம் ஆழ வேரூன்றியிருந்தது. மறு ஆண்டே காங்கிரஸ், பெஷாவரிலிருந்து வந்தவரும் புனர்வாழ்வு மந்திரியாயிருந்தவருமான மெஹர் சந்த் கன்னாவை நிறுத்தித் தொகுதியை மீட்டது.

அதே 1961இல்தான் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மக்களுக்கு, அரசியலமைப்பின் 23ஆவது திருத்தத்தால், ஜனாதிபதித் தேர்தலில் வாக்குரிமை கிட்டியது. 1964 முதல் 2024 வரை நடந்த 16 தேர்தல்களிலும் அந்நகரம் டெமாக்ரடிக் கட்சியையே ஆதரித்துள்ளது. நம் உத்தியோக நகரமோ எக்கட்சிக்கும் நிரந்தர அடிமைச் சீட்டு எழுதித் தரவில்லை.

1967ஆம் ஆண்டு டில்லித் தமிழர் மனத்தில் விசித்திரமான ஓர் ஆண்டு. சென்னை இராஜ்யத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்த திராவிட முன்னேற்றக் கழகம் காங்கிரஸை வீழ்த்தியது. டில்லியில் இந்தியை ஆதரித்த ஜனசங்கம் ஏழு இடங்களில் ஆறினைப் பற்றியது; புது டில்லியில், அயல்நாட்டுப் பணியைத் துறந்து வந்த மனோகர் லால் ஸோந்தி வென்றார். நம்மவரின் கண்கள் சென்னைச் செய்தியின்மீது இருந்தன. அவர்தம் ஓட்டோ டில்லியில் இருந்தது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இடம்பெறலாம். அதுவும் சாதாரணமாக வசிக்கும் இடத்தில். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. தஞ்சையில் பூட்டிக் கிடக்கும் பிதுரார்ஜித வீட்டைக் காட்டி அங்கே ஓட்டுக் கேட்க இயலாது. பஞ்சாபியரும் வங்காளியரும் விவாதித்த அதே வரிசையில் தமிழரும் நின்று, உள்ளூர் அபேட்சகர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

1980இல் டில்லியின் ஆறு தொகுதிகளைக் காங்கிரஸ் கைப்பற்ற, புது டில்லி மட்டும் விலகி நின்றது. அங்கே அக்கட்சி நிறுத்தியவர் கேரளத்துச் சி. எம். ஸ்டீபன், வென்றவர் அடல் பிஹாரி வாஜ்பாய். வித்தியாசம் சொற்பமே. கிருஷ்ணன் நாயருக்குக் கிராமங்கள் அளித்ததை, தென்னாட்டார் நிறைந்த நகரம் ஸ்டீபனுக்கு அளிக்கவில்லை. இனம் நோக்கி ஓட்டு விழும் என்று கணக்கிடுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

2008இல் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபின் அப்பழைய சிறு தொகுதி மறைந்தது. தமிழர் நெடுங்காலம் வாழ்ந்த கரோல் பாகும் இராமகிருஷ்ணபுரமும் இப்பொழுது புது டில்லித் தொகுதிக்குள் வந்துவிட்டன. இதுகாறும் அத்தொகுதியில் தமிழர் எவரும் வென்றதில்லை.