எல்லைக்கோட்டுக்குக் கீழே கூடும் கொழுப்பு

குழந்தைப் பருமனை நாம் ஓர் எல்லைக்கோட்டை வைத்தே அளந்து பழகிவிட்டோம். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) அதைத் தாண்டினால் கவலை, தாண்டாதவரை நிம்மதி. இந்தியக் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. 1990-களில் புனே அருகே ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அளந்து, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும் இங்கே வெகுவாகக் குறைந்திருந்தன. தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து அளந்த மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தராசு நோஞ்சான் என்று காட்டிய உடலில் கொழுப்பு தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் இருந்தது.

டெல்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து அளக்கப்பட்ட சுமார் 1,500 பேரைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வு இதைவிடக் கூர்மையானது. 26 முதல் 32 வயதுக்குள் நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள், பொதுவாக 2 வயது வரை மெலிந்திருந்து பிறகு பி.எம்.ஐ. ஏறிக்கொண்டே போனவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமன் வரையறைக்குள் வரவில்லை. பள்ளியில் ஆண்டுதோறும் எடை பார்த்திருந்தாலும் 'நார்மல்' என்றே எழுதியிருப்பார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாத நாட்டில் பருமனைப் பேசுவது வசதி படைத்தோர் கவலை எனலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) அதே வயதில் அதிக எடையினர் 3.4 விழுக்காடுதான். ஆனால் மேற்சொன்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இவை இரண்டு வகைக் குழந்தைகளின் கதையாகத் தோன்றவில்லை. ஒரே குழந்தை வெவ்வேறு வயதில் நிற்கும் இடங்களாகவும் இருக்கலாம். முதல் இரண்டு ஆண்டில் உயரத்துக்கும் தசைக்கும் உதவும் பருப்பும் முட்டையும் வேறு. 'பிள்ளை தேறவே மாட்டேங்குது' என்று நான்கு வயதுக்குப் பின் கொடுக்கும் கிரீம் பிஸ்கட் வேறு. பின்னதைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாதென 2020-இல் விதி வந்தது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு 51-ஆவது மீட்டர் தாராளமாகப் போதும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல், பெரியவர்களின் 23, 27 ஆகிய பி.எம்.ஐ. அளவுகளுக்கு ஈடாக, உலக அளவுகோலைவிடத் தாழ்வான கோடுகளை வரைந்தது. இதனால் நலமான பிள்ளைக்கும் 'குண்டு' என்ற முத்திரை விழாதா? பட்டினி போடுவதுதான் சிகிச்சை என்றால் விழும். வளரும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 125 செ.மீ. உயரமும் 33 கிலோ எடையும் உள்ள எட்டு வயதுப் பிள்ளையின் பி.எம்.ஐ. 21. எடை கூடாமல் உயரம் மட்டும் 131 செ.மீ. ஆனால் அது 19 ஆகிவிடும். அதற்கு வீட்டின் சமையலும் விளையாட்டு நேரமும் மாறினால் பல பிள்ளைகளுக்குப் போதும். வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த மாற்றத்தை எப்போது தொடங்குவது என்பதைத் தனியொரு எண் சொல்லாது. பள்ளி உடல்நல அட்டையில் இந்த ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய ஆண்டுகளின் எண்களும் வேண்டும்.