மலையில விழுந்தா யார் தூக்குவா?

முகப்பேர்ல குடியிருந்துக்கிட்டு மலையைப் பத்தி எழுத ஒரு துணிச்சல் வேணும். எங்க ஏரியாவுல இருக்கிற பெரிய ஏத்தமே பாடி மேம்பாலம்தான். ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி திருமங்கலம் சிக்னல் பக்கம் நின்னு பாருங்க. பொட்டி தட்டுற பசங்களும் பொண்ணுங்களும் முதுகுல பெரிய பையை மாட்டிக்கிட்டு வேனுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலைன்னு ஏதாவது ஒண்ணு. நானும் ஒரு காலத்துல அந்தக் கூட்டத்துல நின்னவன்தான். இப்போ தொப்பை அனுமதிக்கிறதில்லை :-)

இந்தப் பதிவுக்குக் காரணம் 2014-ல ஜவ்வாது மலையில நடந்த ஒரு சின்ன சமாச்சாரம். நாங்க ஆறு பேர். இறங்கி வர்றப்ப ஒருத்தன் பாசி பிடிச்ச பாறையில கால் வெச்சான், கணுக்கால் ரெண்டா மடங்கிடுச்சு. நிக்க முடியலை. செல்போன்ல சிக்னல் இல்லை. "அஞ்சு பேர் இருக்கோம், ஒருத்தனைத் தூக்க முடியாதா"ன்னுதான் முதல்ல நினைச்சோம். நாற்பது நிமிஷம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா, கிளம்புன இடத்துல இருந்த புளியமரம் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. ஒத்தையடிப் பாதையில ஆளைத் தூக்கிட்டுப் போறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. தோள்ல சாய்ச்சுக்கிட்டா பாதை பத்தாது, முதுகுல சுமந்தா அடுத்த வழுக்கல்ல ரெண்டு பேரும் விழணும்.

கடைசியில காப்பாத்துனது தேன் எடுக்கப் போய்க்கிட்டு இருந்த மலைக்காரங்க நாலு பேர். ஒரு மூங்கிலை வெட்டி, போர்வையைக் கட்டி, பத்தே நிமிஷத்துல டோலி ரெடி. அந்த வேகத்தைப் பார்த்து அசந்து போய், "எப்படிண்ணே இவ்ளோ சீக்கிரம்?"னு கேட்டேன். பெரியவர் திரும்பிக்கூட பார்க்காம சொன்னார், "போன மாசம்தான் தம்பி மருமகளைத் தூக்கிட்டுப் போனோம், பிரசவத்துக்கு."

அந்த ஒரு வரிதான் என்னைய இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வெச்சுது.

வெள்ளைக்காரன் ஊர்ல இதுக்குன்னே சரித்திரம் இருக்கு. 1928-ல இங்கிலாந்துல லேடோ பாறைன்னு ஒரு இடத்துல எட்கர் பிரையர்னு ஒரு மலையேறி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. கூட இருந்தவங்க, கையில கிடைச்சதை வெச்சு ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒண்ணு கட்டி, குலுக்கிக் குலுக்கி மணிக்கணக்குல தூக்கிட்டு வந்தாங்க. உயிர் பிழைச்சார். ஆனா காலை எடுக்க வேண்டியதாப் போச்சு. மான்செஸ்டர்ல வில்சன் ஹேன்னு ஒரு சர்ஜன். விழுந்ததை விட, வலிக்கு மருந்து குடுக்காம அப்படிக் குலுக்கித் தூக்கிட்டு வந்ததுதான் அந்தக் காலுக்கு அதிகக் கேடு பண்ணிச்சுங்கிறது அவரோட முடிவு.

அந்த மனுஷன் அதோட விடலை. மலைக்குத் தோதான ஸ்ட்ரெச்சர் எதுன்னு பார்க்க ஒரு கமிட்டி போட்டாங்க. யூஸ்டஸ் தாமஸ்னு ஒரு இன்ஜினியர் வடிவமைச்ச ஸ்ட்ரெச்சரைத் தேர்ந்தெடுத்து, மலையடிவாரத்துல அங்கங்க வெச்சாங்க. கூடவே ஹே தன் பொறுப்புல மார்ஃபினையும் வெச்சார். டாக்டர் இல்லாதவங்க கையில மார்ஃபின் குடுக்கறது சட்டப்படி குத்தம். 1949-ல கோர்ட்டுக்கு இழுத்து பத்து பவுண்டு அபராதம் போட்டாங்க. கட்டிட்டார். ஆனா அந்த வழக்கு கிளப்புன சத்தத்துல அரசாங்கமே இறங்கி வந்து, மீட்புக் குழுக்கள் மார்ஃபின் வெச்சுக்கலாம்னு அனுமதி குடுத்துச்சு. சட்டத்தை மீறியே சட்டத்தை மாத்துன ஆளுங்க வரிசையில இவருக்கும் ஒரு நாற்காலி போடணும்.

ஆனா ஸ்ட்ரெச்சர் இருந்தா போதுமா? தூக்க ஆள்? 1946-ல கிரேட் கேபிள் மலையில வில்ஃப்ரிட் நாய்ஸ் விழுந்து கால் முறிஞ்சார் (1953 எவரெஸ்ட் குழுவுல இருந்தாரே, அவரேதான்). அவரைக் கீழே கொண்டு வர ராத்திரி முழுக்க ஆச்சு. அந்த அனுபவத்துக்கு அப்புறம் ரஸ்டி வெஸ்ட்மோர்லேண்ட்ங்கிறவர் உள்ளூர்ல ஆள் திரட்டி ஒரு குழு ஆரம்பிச்சார். இன்னிக்கு கெஸிக் குழுன்னு சொல்றது அதைத்தான். அதே 1947 வாக்குல கோனிஸ்டன்லயும் ஒண்ணு. அப்புறம் ஊருக்கு ஊர் வந்துடுச்சு.

இதுல என்னை அசர வெச்சது என்னன்னா, இவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. வாத்தியார், கொத்தனார், டாக்டர், ஆடு மேய்க்கிறவர்னு ஒரு குழுவுல 30, 40 பேர். போலீசுக்குப் போன் வந்தா, அவங்க குழுத் தலைவருக்குச் சொல்வாங்க, அவர் எல்லாருக்கும் தகவல் அனுப்புவார், போட்டது போட்டபடி கிளம்பணும். காப்பாத்தப்பட்டவர்கிட்ட பைசா வாங்க மாட்டாங்க, எல்லாம் நன்கொடையில ஓடுது. இந்த அழைப்புக்காக வருஷம் பூரா பயிற்சி. மழையில, இருட்டுல, பாறை விளிம்புல இருந்து ஸ்ட்ரெச்சரைக் கயித்துல இறக்குறது, முதலுதவி, வாக்கி டாக்கி, வரைபடம் பார்த்துத் தேடுறது. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு ஒரு நேரத்துல ஆறுலேருந்து எட்டு பேர் வேணும், மாத்தி விட இன்னொரு செட். நாங்க அஞ்சு பேர் அன்னிக்கு என்ன தைரியத்துல கிளம்பினோம்னு இப்ப நினைச்சா சிரிப்பா வருது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. மகளிர் தினத்தையொட்டி சென்னையிலேருந்து போன ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கத்துலேருந்து போன இன்னொரு குழு. முந்தின நாள் கொழுக்குமலை ஏறி, அன்னிக்கு இறங்கிக்கிட்டு இருந்தாங்க. ஒத்தமரம் பக்கத்துல காட்டுத்தீ சூழ்ந்துக்கிச்சு. ஆளுயரப் புல், காய்ஞ்சு கிடந்த கோடைக்காலம், போதாததுக்குக் காத்து. தப்பிச்சு ஓடுனவங்கள்ல பல பேர் பள்ளத்துல விழுந்தாங்க. மொத்தம் 23 உயிர் போச்சு. அதுல பல பேர் நம்ம பக்கத்து சீட்டுல உக்கார்ந்து வேலை பார்த்திருக்கக் கூடியவங்க. அந்த வாரம் எங்க ஆபீஸ் கேன்டீன்ல யாரும் சத்தமாப் பேசலை.

விமானப்படை ஹெலிகாப்டர், தீயணைப்புப் படை, வனத்துறை, போலீஸ் எல்லாரும் வந்தாங்க. ஆனா முதல்ல மேல போனது உள்ளூர்க்காரங்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். போர்வையில டோலி கட்டி, இருட்டுல, தீ இன்னும் அணையாத சரிவுல, காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்கு யாரும் பயிற்சி குடுக்கலை, ஹெல்மெட் குடுக்கலை. பாதை தெரியும், அவ்வளவுதான்.

உடனே ஒரு கேள்வி வரும், "நம்மகிட்ட பயிற்சி பெற்ற ஆளே இல்லையா?" இருக்காங்க. 1965-ல ஆரம்பிச்ச உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துல தேடல்-மீட்புக்குன்னே தனிப் படிப்பு இருக்கு. நம்ம அம்பத்தூர்லேருந்து ரயில் ஏறினா அரக்கோணம், அங்க தேசிய பேரிடர் மீட்புப் படையோட நாலாவது பட்டாலியன் இருக்கு. பிரச்சினை தூரம். 2022 பிப்ரவரியில பாலக்காடு மலம்புழா பக்கத்துல பாபுன்னு ஒரு பையன் குரும்பாச்சி மலையிடுக்குல மாட்டினது ஞாபகம் இருக்கா? ஹெலிகாப்டராலயும் நெருங்க முடியலை. நாற்பது மணி நேரத்துக்கு மேல தண்ணியில்லாம உக்கார்ந்திருந்தான். கடைசியில ராணுவக் குழு வந்துதான் காப்பாத்திச்சு, அதுல நம்ம குன்னூர் வெலிங்டன்லேருந்து போன மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுங்களும் உண்டு. கயித்துல அவன்கிட்ட இறங்கின பாலகிருஷ்ணன் தமிழ்நாட்டுக்காரர். திறமைக்குக் குறைவே இல்லை. வந்து சேரத்தான் ரெண்டு நாள்.

குரங்கணிக்கு அப்புறம் அதுல்ய மிஸ்ரா தலைமையில விசாரணை நடந்துச்சு, அதே 2018-ல மலையேற்ற விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்து, மலை கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டியாப் போட்டுச்சு. நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன். பாதை தெரிஞ்சவன் கையில விசிலும் முதலுதவிப் பெட்டியும் இருந்தா பாதி வேலை முடிஞ்சது.

ஆனா டூரிஸ்ட்டுக்கு ஒரு ஏற்பாடு வந்த மாதிரி, அங்கேயே இருக்கிறவங்களுக்கு வந்துச்சா? 2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப் போச்சு. திரும்பி வர்றப்ப ரோடு இல்லாததால அந்தத் தாய் பிள்ளையோட உடம்பைக் கையில ஏந்திக்கிட்டு நடந்தே மலையேறினாங்க. நாம லீவு நாள்ல ஜாலியா ஏறுற அதே மாதிரி ஒத்தையடிப் பாதைதான். எங்க நண்பனைத் தூக்குன பெரியவர் மருமகளைப் பத்திச் சொன்னது, அந்தச் செய்தியைப் படிச்சப்ப மறுபடி காதுல கேட்டுச்சு. இங்கிலாந்துக் கதையில மலைக்குப் போறவனைக் காப்பாத்த ஊர்க்காரன் குழு சேர்ந்தான். இங்க ஊர்க்காரன் எப்பவுமே குழுதான், அவனைத் தூக்க வேண்டிய ரோடுதான் வரலை.

அன்னிக்கு ரோட்டை அடைஞ்சதும் அந்த நாலு பேருக்குப் பணம் நீட்டினோம். பெரியவர் வாங்கலை. "அந்தப் போர்வையை மட்டும் குடுத்துட்டுப் போங்க தம்பி"ன்னார். குடுத்தோம். நண்பன் கணுக்கால்ல இன்னும் பிளேட் இருக்கு.

மலைக்குப் போற மக்களுக்குக் கடைசியா ஒண்ணு. 1894-லேயே கிளின்டன் டென்ட்ங்கிறவர் யோசனை சொன்ன ஆபத்து சைகை இன்னும் செல்லும். ஒரு நிமிஷத்துல ஆறு தடவை விசில், அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தம், மறுபடி ஆறு. கேட்டவங்க பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு ஊதணும். ராத்திரின்னா டார்ச்சுலயும் பண்ணலாம். போன வாரம் மொட்டை மாடியில ஊதிப் பார்த்தேன். நாலாவது விசிலுக்கே கீழ் வீட்டு மாமி வெளிய வந்து, "குப்பை வண்டி வந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க.