முன்பாரம், பின்பாரம்: மாட்டு வண்டியில இருந்து பிக்கப் வரை நம்ம தோட்டத்துச் சுமையின் கதை

 

திருவிழா வேலை தொடங்கியாச்சு. தேங்காய் மூட்டை, வாழைமரம், அரிசி, அன்னதானப் பாத்திரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த வருஷமும் நம்ம பக்தர்களின் பிக்கப் வண்டியிலதான் வரப்போகுது. வாரநாள்ல செம்பனைக் குலை ஏத்துற அதே வண்டிகள். அதனால கோயில் தொண்டர்கள் நாங்க இந்த முறை சுமை ஏத்துறதோட சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதலாம்னு நினைச்சோம். பொறுமையாப் படிங்க. கடைசியில ஒரு வேண்டுகோளும் இருக்கு.

ஒரு காலத்துல ஜொகூர்ல சுமை ஆத்து வழியாத்தான் போச்சு. சீனர்கள் ஆத்தங்கரையில மிளகும் காம்பியரும் பயிரிட்டு, படகுல ஏத்தி சிங்கப்பூருக்கு அனுப்பினாங்க. 1869-ல அபு பக்கார் ஆட்சியில ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி மரத் தண்டவாளம் போட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர் மழையும் கரையானும் மரத்தை விட்டு வைக்குமா? அது நிலைக்கல. 1909-ல இரும்புப் பாதை ஜொகூர் பாரு வரை வந்து சேர்ந்தது. 1924-ல சிங்கப்பூர் பாலம் திறந்தாங்க. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரயில் போன ஊர்களைச் சுத்தி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம்ம முன்னோர்கள் கங்காணி பின்னால கப்பலேறி வந்த காலம் அது. வந்த இடத்துல லயமும் கோயிலும் பக்கத்துல பக்கத்துல எழுந்தது.

அந்த நாள்ல முதல் வண்டி நம்ம தோள்தான். காண்டாக் கம்பின் ரெண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு, தளும்பாம நடந்து பால் கொட்டகைக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு பக்கம் கூடினா கம்பு சாயும், பால் சிந்தும், கூலி குறையும். அதனால சமன் பார்க்கிறது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தோளுக்குத் தெரிஞ்சது.

அடுத்து மாட்டு வண்டி. வண்டிக்காரங்க ரெண்டு வார்த்தை சொல்வாங்க: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானா நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால மூட்டையை அச்சுக்கு முன்னும் பின்னும் பார்த்துத்தான் அடுக்கினாங்க. தப்பா ஏத்தினா மாடு நகராது. தப்பை மாடே சொல்லிடும்.

பிறகு செம்பனை வந்தது. ஜொகூர்ல 1920-களிலேயே நட்டாங்க. 1960-களில் ரப்பர் விலை தள்ளாட, செம்பனை வேகமாப் பரவிச்சு. கூலாய் பக்கம் தாயிப் அண்டாக்ல பெல்டா குடியேற்றம் வந்ததும் அந்தக் காலம்தான். 1966-ல நைஜீரியாவை முந்தி, பாமாயில் ஏற்றுமதியில நம்ம நாடு முதலிடத்துக்கு வந்தது.

செம்பனை ரப்பர் மாதிரி இல்ல. வளர்ந்த மரத்துக் குலை ஒண்ணு 15 முதல் 25 கிலோ இருக்கும். வெட்டின பழத்துல அமிலம் ஏறிக்கிட்டே போகும். 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகணும், இல்லாட்டி எண்ணெய்த் தரம் இறங்கும். கனமும் அவசரமும் ஒண்ணு சேர்ந்த பயிர் இது. இன்னும் பத்து குலை ஏத்திட்டா இன்னொரு நடை மிச்சம்னு தோணுறது அங்கிருந்துதான்.

தோட்டம் இருந்த காலத்துல லோரி தோட்டத்தோடது. ஓட்டுனவர் அதே வேலையா இருந்தவர். பாலை நிறுத்து எழுத கிராணி இருந்தார். 1980-களுக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, நம்ம ஜனங்க பட்டணத்துக்கும் தாமானுக்கும் சிதறினாங்க. சிலர் நாலு ஏக்கர் செம்பனை வச்சிருக்காங்க, ஒரு பிக்கப் வச்சிருக்காங்க. 1968-ல ஜப்பான்ல ஹைலக்ஸ் வந்தபோதே ஒரு டன் சுமக்கிற வண்டின்னு பேர் எடுத்தது. இன்னைக்கு ஓடுற நாலு கதவு பிக்கப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதுலயும் உள்ளே உட்காருற ஆளுங்களோட எடையும் சேர்த்தி.

கணக்குப் பாருங்க. 20 கிலோ குலை 60 ஏத்தினா 1,200 கிலோ. வண்டிக்கு அளவு தாண்டியாச்சு. கோயிலுக்கு வர்ற 400 கேலன் தண்ணீர்த் தொட்டி நிறைய இருந்தா 1,800 கிலோவுக்கு மேல. எந்தப் பிக்கப்புக்கும் அது ஆகாது. பாதி நிரப்பினாலும் ஆபத்துதான். வளைவுல தண்ணீர் ஒரு பக்கமா ஓடி வண்டியை இழுக்கும்.

பின்பாரம் கதை இங்கேயும் அதேதான். பின் சக்கரத்துக்குப் பின்னால கனம் ஏறினா வண்டி மூக்கைத் தூக்கும், ஸ்டேரிங் லேசாகும், முன் பிரேக் பிடிப்பு குறையும். மாடு நின்னுடும். இஞ்சின் நிக்காது, இழுத்துக்கிட்டே போகும். அதுதான் வித்தியாசம். ஆலையில எடை போடுற மேடை இருக்கு. ஆனா அங்கே போய் எடை தெரியுறதுக்குள்ள சாலையைத் தாண்டியாச்சே!

கட்டுறதுக்கும் ஓர் அளவு உண்டு. ஆஸ்திரேலியாவின் சுமைக்கட்டு வழிகாட்டியில, சுமை எடையில 80 விழுக்காடு விசை முன்னால தள்ளினாலும், 50 விழுக்காடு விசை பக்கத்துலயோ பின்னாலயோ தள்ளினாலும் கட்டு தாங்கணும்னு இருக்கு. 500 கிலோ அரிசியா? திடீர்னு பிரேக் போட்டா 400 கிலோ விசை முன்னால பாயும். பழைய நைலான் கயிறு ஒண்ணு போதுமா? வேகம் ரெட்டிப்பானா, பிரேக் பிடிச்ச பிறகு வண்டி நிக்கத் தேவைப்படுற தூரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். மழை ரோட்டுல இன்னும் கூடும்.

இந்த வருஷம் நாங்க தொண்டர்கள் முடிவு பண்ணது இது:

கனமானது அடியிலயும், கேபின் பக்கம் ஒட்டியும். வாழைமரம், தோரணம் மேலே, பின்னால நீட்டினா சிவப்புத் துணி கட்டி.

நிரப்பின தொட்டி வேண்டாம். காலியாக் கொண்டு வந்து கோயில்ல நிரப்பிக்கலாம்.

மூட்டை எண்ணி, எடை கூட்டி, ஒரு தாள்ல எழுதிட்டுத்தான் வண்டி கிளம்பும். கிராணி வேலையை நம்ம வீட்டு அக்கா தங்கச்சிங்க பார்த்துக்குவாங்க.

வலை, பெல்ட் கோயிலே வாங்கித் தரும். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்துல நிறுத்தி ஒருமுறை இறுக்கணும்.

கடைசியா, பெரிய விஷயம். மூட்டை மேல ஆள் உட்காரக்கூடாது. பாத்திரம் உருளாமப் பிடிச்சுக்கடான்னு பிள்ளைகளை ஏத்துற பழக்கம் லோரி காலத்துல இருந்து வந்தது. அப்போ வேற வழி இல்ல, தோட்டத்து ஜனங்க லோரி பின்னாலதான் நின்னு போனாங்க. இப்போ வழி இருக்கு. சாமான் ஒரு வண்டி, பிள்ளைகள் இன்னொரு வண்டி. கார் பத்தலைன்னா குழுவுல சொல்லுங்க, ஏற்பாடு பண்றோம்.

ரெண்டு நடை போனா அரை மணி கூடும், அவ்வளவுதான். அன்னதானம் கொஞ்சம் தாமதமானா அம்மா கோவிச்சுக்க மாட்டா. பிள்ளைங்க எல்லாரும் முழுசா வந்து பந்தியில உட்காரணும், அதுதான் அவளுக்கு வேணும்.

வண்டி தர்றவங்க எத்தனை கிலோ தாங்கும்னு சேர்த்து எழுதி அனுப்புங்க. தோட்டத்துல பெரியவங்க மாட்டு வண்டி ஓட்டியிருந்தா, அவங்க எப்படிப் பாரம் பார்த்தாங்கன்னு கேட்டு கீழே எழுதுங்க. அதுவும் நம்ம சரித்திரம்தான்.

அம்மன் துணை.