தாவத் தெரியாத நாயகன்

1988இல் நிண்டெண்டோவில் வந்த 'பயோனிக் கமாண்டோ'வை முதல் தடவை விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மாரியோவில் தாவுவதற்குப் பழகிய பட்டனை அமுக்குவார்கள். நாயகன் தாவ மாட்டான். தோளிலிருந்து ஒரு இயந்திரக் கை கம்பியோடு பாய்ந்துபோய் மேலே எதையாவது கவ்வும், அல்லது எதுவும் சிக்காமல் திரும்பி வரும். எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு பீப்பாய் கிடக்கும். அதைத் தாண்டக்கூட உத்தரத்தில் கொக்கியை மாட்டி, ஊஞ்சல் மாதிரி ஆடித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு ராணுவ வீரனுக்கு ஒரு பீப்பாயைத் தாண்டத் தெரியவில்லை! விளையாடியவர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் விஷயம் இது. அதே ஆட்கள்தான் அந்த கேமைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும்.

இதன் மூலம் டோகுரோ ஃபுஜிவாரா என்ற ஜப்பானிய வடிவமைப்பாளர். கொனாமியில் இருந்தபோது 1983இல் 'ராக்கன் ரோப்' என்ற ஆர்கேட் கேமைச் செய்தார். கயிற்றை எய்து, அதில் ஏறிப் பாறைக்குப் பாறை போகும் விளையாட்டு. பிறகு கேப்காமுக்கு மாறினார். அந்தக் கயிறுதான் அங்கே இயந்திரக் கையாகி 1987இல் ஆர்கேடுக்கும், அடுத்த வருடம் கிட்டத்தட்ட புதிய விளையாட்டாகவே வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. தாவுதலைப் பிடுங்கியது சாதாரணத் துணிச்சல் இல்லை. தாவ முடிந்தால் கயிறு ஓர் உபரி ஆயுதம், அவ்வளவுதான். தாவ முடியாதபோது அண்ணாந்து பார்த்தபடியே நடக்க வேண்டியிருக்கிறது. எது பிடிக்கும், எது வழுக்கும் என்று ஒவ்வொரு கூரையையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

மென்பொருள்காரனாக ஒரு சின்ன இடைச்செருகல். ஊசலாடும் கயிற்றை இன்று எழுதுவது பெரிய வித்தை இல்லை. கொக்கிக்கும் ஆளுக்கும் இடையிலான தூரம் கயிற்றின் நீளத்தைத் தாண்டினால், ஆளை வட்டத்துக்குள் இழுத்துப் போடு. வெளிநோக்கிய வேகத்தை மட்டும் கழித்துவிடு. வார இறுதியில் எழுதிப் பார்த்தேன், பத்து வரிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அதில் ஆடிப் பார்க்க ஒரு சுகமும் இல்லை. சுகம் எல்லாம் கயிற்றை விடும் கணத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் அடிப்புள்ளியைக் கடந்து மேலே ஏறும்போது விட்டால்தான் நல்ல தூரம் போக முடியும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் குழிதான். அந்தக் கணத்தைக் கை கற்றுக்கொள்கிறது, மூளை இல்லை.

சரி, கதைக்கு வருவோம். ஜப்பானில் இந்த கேமின் தலைப்பே 'ஹிட்லரின் உயிர்த்தெழுதல்' என்றுதான் தொடங்கும். அமெரிக்காவுக்குப் போனபோது நாஜிகளின் பெயரையும் ஸ்வஸ்திகாவையும் அழித்தார்கள். ஹிட்லர் 'மாஸ்டர்-டி' ஆனார். பெயரைத்தான் மாற்றினார்கள், முகத்தை விட்டுவிட்டார்கள். கடைசியில் அந்த முகம் வெடித்துச் சிதறும் காட்சியும் அப்படியே போனது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் பலருக்கும் அந்த கேமில் இருந்து நினைவில் நிற்பது ஒன்று பீப்பாய், இன்னொன்று அந்தத் தலை.

2008இல் ஸ்வீடனின் கிரின் நிறுவனம் இதை 'ரீஆர்ம்ட்' என்று புதுப்பித்தது. தாவுதல் இல்லை, ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். 2011இல் இன்னொரு நிறுவனம் செய்த 'ரீஆர்ம்ட் 2'இல் தாவுதல் வந்தது. பிடித்தது சண்டை. 'வேண்டாமென்றால் அந்தப் பட்டனைத் தொடாதே' என்றது ஒரு கட்சி. 'இருக்கிற பட்டனை எப்படித் தொடாமல் இருப்பது' என்றது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சி.

ஆனால் எல்லோரையும் ஒரே கட்சியில் சேர்த்தது நடுவில், 2009இல், அதே கிரின் உருவாக்கிய முப்பரிமாண 'பயோனிக் கமாண்டோ'. இயந்திர உறுப்பு பொருத்தியவர்களை அரசே வேட்டையாடும் காலம். நாயகன் ஸ்பென்சருக்கு மரண தண்டனை. ஒரு நகரம் அழிந்ததும் அரசுக்கு அவன் மறுபடி தேவைப்படுகிறான். காணாமல் போன மனைவி எமிலியைப் பற்றித் தகவல் தருவதாகச் சொல்லி அவனை அனுப்புகிறார்கள். இடிந்த கட்டடங்களுக்கு நடுவே ஆடிப் போவது அற்புதம் என்று அன்றே பலர் சொன்னார்கள். கொஞ்சம் விலகினால் கொன்றுபோடும் நீலக் கதிர்வீச்சைச் சபித்தார்கள். கடைசியில் உண்மை வெளிவரும்: அந்த இயந்திரக் கைக்குள் இருப்பதே எமிலிதான்! அவளைப் பலி கொடுத்துத்தான் கையை உடலோடு பிணைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, சொல்லிவிடலாம். உலகமே சிரித்தது. கேம் உலகில் 'மனைவிக் கை' என்பது இன்றும் கேலிச் சொல். கேம் சரியாக விற்கவில்லை. ஆகஸ்டிலேயே கிரினும் மூடப்பட்டது.

இப்போது 2023க்கு வாருங்கள். தென் கொரியாவின் வண்டர் போஷன் என்ற சின்னக் குழு செய்த 'சனாபி' அந்த நவம்பரில் முழுமையாக வெளிவந்தது. ஓய்வுபெற்ற தளபதி ஒருவர், கையில் சங்கிலிக் கொக்கி. மகளைக் கொன்றவர்களைத் தேடுகிறார். அவர் வந்து சேரும் மாகோ நகரம் ஒரு பெருநிறுவனத்தின் சொத்து. ஜோசான் காலக் கொரியாவின் சாயலில் நியான் விளக்கு எரிகிறது, மனிதர்களைத்தான் காணோம். அதாவது அதே சாமான்கள்: இயந்திரக் கை, பறிகொடுத்த உறவு, பொய் சொல்லும் மேலிடம், கடைசியில் ஒரு திருப்பம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை, அழுதார்கள். எழுதப்படும் கருத்துகளில் 'கண்ணீர்' என்ற சொல் அலுக்கும் அளவுக்கு வருகிறது.

கூடவே ஒரு புகாரும் வருகிறது, அதுவும் நியாயமானது: பேச்சு அதிகம். கை சூடேறி, கூரைக்குக் கூரை பறந்துகொண்டிருக்கும்போது நிறுத்திவைத்துப் பேசுகிறார்கள். மாரி என்கிற இளம் ஹேக்கர் தளபதியைச் சீண்டுகிறாள், அவர் முறைக்கிறார். மறுபடி சீண்டுகிறாள். எனக்கும் சில இடங்களில் 'அம்மா தாயே, வழி விடு' என்றுதான் இருந்தது.

ஆனால் ஸ்பென்சரின் கை ஒரு கேம் முழுக்க வெறும் கருவியாக இருந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் மனைவியாகச் சொன்னால் எப்படி ஆகும்? எமிலியோடு நாம் ஒரு பொழுதையும் கழித்ததில்லை. 'சனாபி' தொடக்கத்திலேயே அப்பாவையும் மகளையும் காட்டிவிடுகிறது. பிறகு மாரியோடு மணிக்கணக்கில் நடக்க வைக்கிறது. சலிப்பாக இருந்தது என்பவர்களும் அழுதேன் என்பவர்களும் குறிப்பிடுவது பெரும்பாலும் ஒரே காட்சிகளைத்தான். அந்தப் பேச்சைப் பாதியாக வெட்டியிருந்தால் கேம் வேகமாகியிருக்கும். முடிவும் இன்னொரு 'மனைவிக் கை' ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

கொரிய மொழியில் இதன் தலைப்புக்கு 'மலை வண்ணத்துப்பூச்சி' என்று பொருள். ரத்தமும் சங்கிலியுமாக இருக்கும் கேமுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது முடித்தவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னால் இன்னும் விளையாடாதவர்கள் அடிக்க வருவார்கள்.