காந்தி பூங்காவில் நிற்கும் அஞ்சலையம்மாள்

கடலூர் காந்தி பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அங்கே ஒரு பெண்மணியின் சிலை இருக்கிறது. பூங்காவின் பெயர் யாருடையது என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அந்தச் சிலையில் இருப்பவர் யார் என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிக்கிறோம். 2023 ஜூன் 1 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்தபோதுதான் நம்மில் பலர் அவரைப் பற்றித் தேடிப் படித்தோம்.

அவர் அஞ்சலையம்மாள். 1890ல் நம் கடலூர் முதுநகரில் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. 1921ல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். குடும்பச் சொத்தை விற்றுப் போராட்டத்துக்குச் செலவு செய்தார். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

சிலையாக நிற்கும் இவர் முதலில் சிறைக்குப் போனதும் ஒரு சிலைக்காகத்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவனுக்கு வெள்ளையர்கள் சிலை வைத்திருந்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொடூரமாகக் கொன்றவன் அவன். அதை அகற்றச் சொல்லி 1927ல் சத்தியாகிரகம் நடந்தது. அஞ்சலையம்மாள் தனியாகப் போகவில்லை, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துப்போனார். இருவருக்கும் தண்டனை கிடைத்தது. காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் மாற்றி, வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். சின்னப் பெண்ணைப் போராட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று இன்றைக்கு ஒரு பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் போராட்டமும் குடும்பமும் தனித்தனியாக இருந்ததாகத் தெரியவில்லை. நீல் சிலை 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1932ல் வேலூர் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

பூங்காவின் பெயருக்குரியவருக்கும் இவருக்கும் இடையே ஒரு கதை உண்டு. கடலூர்க்காரர்கள் சலிக்காமல் சொல்வது. காந்தி கடலூருக்கு வந்தபோது அஞ்சலையம்மாளைச் சந்திக்கக் கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டார்களாம். இவர் பர்தா அணிந்துகொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டாராம். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி இவரை அழைத்தது அந்தத் துணிச்சலுக்காகத்தான் என்பார்கள்.

மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அந்தக் காலத்து வேலைகளில் ஒன்று நம் கடலூர் - சிதம்பரம் பகுதிக்கு இன்றும் நெருக்கமானது. தீர்த்தாம்பாளையத்தில் குடிதண்ணீர்ப் பஞ்சம் இருந்தது. வீராணம் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வாய்க்கால் வெட்ட ஏற்பாடு செய்து அதைத் தீர்த்துவைத்தார். ஊர்மக்கள் அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்றே பெயர் வைத்தார்கள். லாரித் தண்ணீருக்காக அசோசியேஷன் கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசும் நமக்கு, தண்ணீர் கொண்டுவந்தவர் பெயரை வாய்க்காலுக்கே வைத்த அந்த மக்களின் மனது புரியும். 2004லிருந்து வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. அங்கே இருக்கும் உங்கள் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசிக் காலத்தைச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் சி.முட்லூரில் கழித்து, 1961 பிப்ரவரி 20 அன்று காலமானார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனால், பிள்ளைகளை ஊஞ்சலுக்கு விடும் முன் அந்தச் சிலையருகே இரண்டு நிமிடம் நிறுத்தி, ஒன்பது வயது அம்மாக்கண்ணுவின் கதையைச் சொல்லுங்கள். நம் குடியிருப்பில் அந்த வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.