ஓடையில் விழுந்த காரும் மீட்பு வண்டியின் பிறப்பும்

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் இப்போது எல்லோரும் ‘பிரேக்டவுன்’ என்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு முதலில் வாயில் வரும் சொல் ‘பன்’. “வண்டி பன் ஆயிடுச்சு” என்று தமிழோடு கலந்தே சொல்வோம். இந்தச் சொல் மோட்டார் வண்டிக்காகப் பிறந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் இது பாய்மரக் கப்பல்காரர்களின் சொல். பாய்களை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி வைத்து, காற்று அடித்தாலும் கப்பல் முன்னேறாமல் நிற்கும்படி செய்வதற்கு அந்தப் பெயர். அந்த ‘பன்’னை நீக்குவதற்கு வரும் வண்டியை ‘தெபனேஸ்’ என்பார்கள். இழுத்துப் போவதற்கு ‘ரெமொர்க்கே’. அதன் வேரைத் தேடிப் போனால், லத்தீனில் கப்பலை இழுக்கும் கயிற்றுக்குரிய சொல்லில் போய் நிற்கும். ஆக, சாலையோரத்தில் கிரீஸ் கறையோடு நடக்கும் ஒரு தொழிலின் சொற்கள் கடலிலிருந்து கரையேறி வந்தவை.

நம் பக்கத்தில் இதே வேலைக்கு வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. அது கோயில் தேர். கனத்த பொருளை நகர்த்துவது, திருப்புவது, சரியான இடத்தில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் தேரோட்டத்தில் பார்க்கலாம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் தேரை உண்மையில் ஓட்டுபவர்கள் சக்கரத்துக்கருகே முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடும் சிலர்தான். நம் வில்லியனூர்த் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் தொட்ட வழக்கம் எல்லோருக்கும் தெரியும். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். முட்டுக்கட்டை போடுபவரின் பெயர் மட்டும் அன்றும் செய்தியில் வந்ததில்லை, இன்றும் வருவதில்லை. வாகன மீட்புத் தொழிலும் அப்படிப்பட்டதே. அதனால்தான் அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மோட்டார் கார்கள் வந்த புதிதில், பள்ளத்தில் விழுந்த காரை எடுக்க மாடும் குதிரையும் மனித தோளும்தான் துணை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு ஊர். அங்கே எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். 1916-ல் அவருடைய பழைய ஆசிரியர் ஜான் வைலியின் ஃபோர்டு ‘மாடல் டி’ கார் சிக்கமாகா ஓடையில் கவிழ்ந்துவிட்டது. மாணவரைக் கூப்பிட்டார். கயிறு, கட்டைகளோடு ஆறு பேர் சுமார் எட்டு மணி நேரம் பாடுபட்டுக் காரை வெளியே கொண்டுவந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கார் முக்கால் டன்னுக்கு உட்பட்ட எடைதான். ஹோம்ஸுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். 1913-ஆம் ஆண்டின் கேடிலாக் கார் ஒன்றை எடுத்து, அதன் சட்டத்தில் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி ஆகியவற்றைப் பொருத்தினார். உலகின் முதல் மீட்பு வண்டி என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் போற்றுவது இதைத்தான். பிறகு காப்புரிமை பெற்று, மற்ற பழுதுக்கடைகளுக்கும் செய்து விற்க ஆரம்பித்தார். அதே சட்டனூகாவில் இந்தத் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இன்று இருக்கிறது.

ஹோம்ஸ் வண்டிகளின் பெருமை பலத்தில் மட்டும் இல்லை. பள்ளத்தில் கிடக்கும் வண்டியைப் பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும்? இழுக்கப்படுவது மேலே வருவதற்குப் பதிலாக, இழுக்கும் வண்டி பள்ளத்தில் கவிழும். இதற்கு அவர் வண்டியின் முதுகில் இரட்டைக் கைகள் வைத்தார். ஒரு கையை வலப்பக்கம் திருப்பி, அதன் கம்பி வடத்தை விழுந்த வண்டியில் மாட்டலாம். இன்னொரு கையை இடப்பக்கம் திருப்பி, அதன் வடத்தை எதிர்ப்புற மரத்தில் கட்டலாம். ஒரு பக்கத்து இழுவையை மறுபக்கத்து இழுவை சரிக்கட்டும். நடுவில் வண்டி ஆடாமல் நிற்கும். தராசு பிடித்த எந்த மளிகைக்கடைக்காரருக்கும் புரியும் கணக்கு இது.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலைப் பெரிதாக்கியது. அமெரிக்கப் படையின் ‘டயமண்ட் டி 969’ லாரிகளில் ஹோம்ஸின் ‘டபிள்யூ-45’ இரட்டைக் கைகள் பொருத்தப்பட்டன. கைக்கு ஐந்து டன், இரண்டும் சேர்ந்து பத்து டன். வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையில், இரவு எந்தப் படை களத்தில் நிற்கிறதோ அந்தப் படையே அடிபட்ட டாங்கிகளை இழுத்துப் போய்ச் சரிசெய்து மறுபடி ஓட்டும். விட்டுப் போனவனுக்கு அவை கணக்கில் கழிந்துவிடும். மீட்பு என்பது போர்த்தந்திரமாகவே ஆனது. பிரிட்டிஷ் படையில் 1942-லும், இந்தியப் படையில் 1943-லும் இயந்திரப் பராமரிப்புக்கும் மீட்புக்கும் தனிப்படைகள் உருவானது இந்தக் காலத்தில்தான். இந்தியப் பிரிவின் வாரிசான இ.எம்.இ. படைக்கு செகந்திராபாத் இன்றும் தாய்வீடு.

போர் முடிந்ததும் ராணுவ லாரிகள் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. என் இளவயதில் நெடுஞ்சாலையில் பார்த்த மீட்பு வண்டிகள் பலவும் அந்தப் பழைய லாரிகளின் மறுபிறவிகள்தான். முதுகில் ‘ஏ’ எழுத்து வடிவில் இரண்டு இரும்புக் குழாய்கள், உச்சியில் ஒரு செயின் பிளாக், ஓரத்தில் ஜாக்கி, கடப்பாரை, ஆப்புக்கட்டைகள், பழைய டயர் இரண்டு. அவ்வளவுதான் மொத்தச் சாமான்.

1970-களின் கடைசியில் அலுவலக வேலையாகப் பேருந்தில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திண்டிவனம் தாண்டியதும் போக்குவரத்து நின்றுவிட்டது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலையோரப் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. மழைக்காலம், முழங்கால் அளவு சேறு. மீட்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய மேஸ்திரி லாரியைத் தொடவே இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அச்சைப் பார்த்தார், டீசல் கசிகிறதா என்று முகர்ந்தார், குச்சியால் சேற்றின் ஆழத்தை அளந்தார். எங்கள் பேருந்துப் பயணி ஒருவர் பொறுமை இழந்து, “இன்னா மேஸ்திரி, மாட்டி இழுக்க வேண்டியதுதானே?” என்றார்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இழுத்துடலாங்க. எங்க போய் நிக்கும்னு தெரிஞ்சிக்கிட்டு இழுக்கணும்” என்றார்.

முதலில் மூட்டைகளை இறக்கச் சொன்னார். பிறகு எதிர்ப்புறப் புளியமரத்தில், பட்டை கிழியாதபடி சாக்கைச் சுற்றி, ஒரு கப்பியைக் கட்டினார். கம்பி வடம் லாரியிலிருந்து மரத்துக்குப் போய் மீட்பு வண்டிக்குத் திரும்பியது. வடத்தின் மேல் ஈரச் சாக்குகளைப் போட்டார். எங்களையெல்லாம் தூரத் துரத்தினார். சற்றுக் கடுமையான வார்த்தைகளில்தான். பிறகு இழுத்தது கால் மணி நேரம்கூட இருக்காது. லாரி முனகிக்கொண்டே எழுந்து நின்றது.

அன்று அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது என்பதை, ஓய்வுபெற்ற பிறகு இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது தெரிந்துகொண்டேன். ராணுவத்தில் இதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. சக்கரம் அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, சரக்கோடு சேர்த்து அதன் மொத்த எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மூன்று மடங்கு. பத்து டன் வண்டி மட்கார்டு வரை புதைந்தால் இருபது டன் இழுவை வேண்டும் என்று பொருள். இப்போது சொல்லுங்கள், மூட்டையை இறக்கியது வீண் வேலையா? சேற்றின் ஆழத்தைக் குச்சியால் பார்த்தது பொழுதுபோக்கா?

கப்பியின் கணக்கு இன்னும் அழகு. விழுந்த வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தின் நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினால், ஐந்து டன் விஞ்ச் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். உராய்வில் கப்பி ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு போகும் என்பது நடைமுறைக் கணக்கு. பலம் இரட்டிப்பாகும்போது வேகம் பாதியாகும். எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை. அதே கப்பியை அந்தப் புளியமரத்தில் கட்டினால் பலம் கூடாது, திசைதான் மாறும். ஆனால் மரம் தாங்க வேண்டிய சுமை இழுவையைப் போல இரு மடங்காகும். பட்ட மரத்தில் கட்டியவன் கதை முடிந்தது.

ஈரச் சாக்கின் கதைக்கு வருகிறேன். முறுக்கேறி நிற்கும் கம்பி வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும். காலைத் துண்டிக்கும், உயிரையும் எடுக்கும். மேலே கனமான ஈரச் சாக்கு இருந்தால் அந்த வீச்சு கொஞ்சம் தணியும். வடம் எவ்வளவு நீளம் வெளியே இருக்கிறதோ, அவ்வளவு தூரமாவது விலகி நிற்க வேண்டும் என்பது விதி. வடத்தைத் தாண்டிக் குதிப்பதும், வெறுங்கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. அறுந்த ஒற்றைக் கம்பி இழை உள்ளங்கையைக் கிழித்துவிடும். விஞ்ச் உருளையில் சில சுற்றுகளாவது எப்போதும் மீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நுனியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வேலை முடிந்தபின் வடத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒழுங்காகச் சுற்றி வைப்பது அன்றாடக் கடமை. நம் அலுவலகத்தில் மாலை கோப்புகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு எழுந்ததைப் போலத்தான்.

இழுத்துச் செல்லும் முறையும் காலத்தோடு மாறியது. கொக்கியும் சங்கிலியும் மாட்டி, முன்பக்கத்தைத் தூக்கி இழுத்த காலத்தில் கார்களின் பம்பர் இரும்பு. பிளாஸ்டிக் பம்பரும், முன்சக்கரத்தால் ஓடும் கார்களும் பெருகியபின் அந்த முறை காரை நொறுக்க ஆரம்பித்தது. அதனால் சக்கரங்களை மட்டும் ஏந்தித் தூக்கும் கைகள் வந்தன. பிறகு, தட்டையான மேடை சரிந்து இறங்கி, முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டி வந்தது. இப்போதைய மின்சாரக் கார்களில், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கிக் கெடுத்துக்கொள்ளும். ஆகையால் அவற்றை மேடை வண்டியில் ஏற்றுவதே முறை. எந்த முறையானாலும் ஒரு விஷயம் மாறவில்லை. பின்னால் அதிக எடையைத் தூக்கினால் மீட்பு வண்டியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. தூக்குகிற பலம் இருக்கிறதே என்று தூக்கிவிட முடியாது.

இந்தத் தொழிலுக்கு ஊரில் நல்ல பெயர் குறைவு. ‘நோ பார்க்கிங்’கில் நிறுத்திய நம் ஸ்கூட்டரைத் தூக்கிப் போகும் வண்டியைத்தான் நாம் அறிவோம், திட்டித் தீர்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 127-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. தடைசெய்த இடத்தில் நிறுத்தினாலோ, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விட்டுவிட்டாலோ, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி வண்டியை அகற்றச் சொல்லலாம். ஆனால் தொழிலின் பெரும்பகுதி வேறு. நள்ளிரவில், மழையில், பாய்ந்து வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலை ஓரத்தில் குனிந்து சங்கிலி மாட்டுகிற வேலை அது.

சட்டனூகா அருங்காட்சியகத்தில் புதுமை வண்டிகளோடு ஒரு நினைவுச் சுவரும் இருக்கிறது. பணியில் உயிர்விட்ட மீட்புத் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களில் பலரைக் கொன்றது அறுந்த வடம் அல்ல. பக்கத்தில் வேகம் குறைக்காமல் போன வண்டி. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஓரத்தில் விளக்கு மின்ன நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் அடுத்த தடத்துக்கு விலகு அல்லது வேகத்தைக் குறை என்று சட்டம் இருக்கிறது.

நமக்குச் சட்டம் வந்துதான் புரிய வேண்டுமா? நம்மில் பலர் இப்போது கார் ஓட்டுவதில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். அந்த இருக்கையிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. ஓரத்தில் மஞ்சள் விளக்கு சுழல்வதைப் பார்த்தால் “மெதுவாப் போப்பா, தள்ளிப் போ” என்று சொல்லலாம். நம் வண்டியே நின்றுவிட்டால் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, எல்லோரும் இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து கைபேசி பார்க்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. பெரிய எழுத்தில் எழுதிக் காரில் ஒட்டி வையுங்கள். மீட்பு வண்டி வந்ததும் அந்த மனிதர் உடனே இழுக்காமல் சுற்றிச் சுற்றி வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.