தறியில் விட்டுப்போன பாவு: ஒரு சோம்பல் தந்திரத்தின் 36 வருஷக் கதை

இந்த எபிசோடைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசறேன். பின்னாடி 'டக் டக்'னு கேட்கிறது அவரோட தறி. எடிட்டிங்கில் எடுத்துடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன், ஏன்னா இன்னைக்குக் கதைக்கு அந்தத் தறி தேவைப்படுது.

கதை என்னவோ கம்ப்யூட்டரைப் பற்றித்தான். கிளவுடில் ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கிறோம். அது தனி மெஷின் மாதிரி தெரியும், ஆனா உண்மையில் ஒரே சிப்பில் நமக்கு முன்பின் தெரியாத பல பேர் ஓடிட்டு இருப்பாங்க. ஒண்டுக் குடித்தனம்தான். வீட்டுக்காரருக்குப் பேர் ஹோஸ்ட், குடியிருக்கிறவங்களுக்குப் பேர் கெஸ்ட். புராசஸர் கொஞ்ச நேரம் எனக்கு, கொஞ்ச நேரம் உங்களுக்குன்னு மாறி மாறி வேலை செய்யும். என் நேரம் முடிஞ்சு நீங்க உள்ளே வரும்போது, புராசஸருக்குள்ளே நான் பாதியில் விட்ட எண்களை யார் எடுத்து வைக்கிறது? எப்போ எடுத்து வைக்கிறது? இந்த 'எப்போ'வுக்குத் தப்பான பதில் சொன்னதோட விளைவு 2018 ஜூனில் உலகத்துக்கே தெரிய வந்தது.

முதல்ல தறி. ஒரு பாவு நெய்து முடிஞ்சதும் பெரியப்பா புடவைகளை அறுத்து எடுத்துடுவார். ஆனா பழைய பாவோட நுனிகளை உருவ மாட்டார். அச்சிலும் விழுதிலும் அப்படியே தொங்கும். புதுப் பாவு வந்ததும், ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொண்ணா பழைய நுனியோடு முறுக்கிப் பிணைப்பாங்க. எல்லாத்தையும் உருவிட்டு முதல்லேர்ந்து கோர்த்தா நாள்கணக்கில் வேலை கெடும். தேவை வர்ற வரைக்கும் கை வைக்காதே, இதுதான் தறிக்காரர் கணக்கு. கம்ப்யூட்டர்காரங்களும் இதே கணக்கைத்தான் போட்டாங்க.

1980இல் இன்டெல் 8087ன்னு ஒரு சிப்பை வெளியிட்டது. தசமப் புள்ளி வெச்ச எண்களை, அதாவது ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்கை, வேகமா போடறதுக்குன்னே ஒரு துணைச் சிப். வடிவமைப்பில் ஆலோசனை சொன்னவர் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான். அந்த வேலையிலிருந்துதான் 1985இல் ஐஇஇஇ 754 என்கிற தரநிலை வந்தது. இன்னைக்கு உங்க போன் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டறது அந்த விதிப்படிதான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8087க்குன்னு ஒரு காலி சாக்கெட் மட்டும் இருக்கும். வேணும்னா தனியா வாங்கிச் சொருகிக்கணும்.

8087க்குள்ளே எட்டு ரெஜிஸ்டர், ஒவ்வொண்ணும் 80 பிட். கட்டுப்பாட்டு விவரங்களையும் சேர்த்து மொத்த நிலையையும் மெமரியில் எழுதி வைக்க 94 பைட் ஆகும். நமக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆனா அந்தக் காலத்தில் அதை எழுதி வைக்கவே நூற்றுக்கணக்கான சைக்கிள் போகும். புரோகிராம் மாறும்போதெல்லாம் எழுதி, திரும்ப ஏத்தி... யார் செய்வா? அதுவும் பெரும்பாலான புரோகிராம்கள் தசமக் கணக்கே போடாதபோது?

1982இல் வந்த 80286 இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தது. அதில் 'டாஸ்க் ஸ்விட்ச்டு'ன்னு ஒரே ஒரு பிட். ஆள் மாறினா அந்தப் பிட்டைப் போட்டுட்டுப் போயிடலாம், பழைய ஆளோட எண்களை எடுக்க வேண்டாம். புது ஆள் தசமக் கணக்குப் பக்கம் போகவே இல்லைன்னா வேலையே மிச்சம். கை வைச்சா மட்டும் புராசஸர் 'நில்லு'ன்னு சொல்லி ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும். அது வந்து பழைய எண்களை எடுத்து வெச்சு, புது ஆளோட எண்களை ஏத்திட்டுப் போகும். இதுக்குப் பேரே 'லேஸி' முறை, சோம்பல் முறை. லினக்ஸ், விண்டோஸ், பிஎஸ்டின்னு எல்லாருமே பல வருஷம் இதைத்தான் பண்ணாங்க.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கை வைக்கிற வரைக்கும் பழைய ஆளோட எண்கள் அங்கேயேதான் கிடக்குது. ஒரு பிட் மட்டும் காவலுக்கு நிக்குது. எல்லாம் ஒரே ஆளோட மெஷின்ங்கிறதால அப்போ யாரும் கவலைப்படலை.

அப்புறம் ரெண்டு விஷயம் மாறுச்சு. ஒண்ணு, பாவு பெருசாச்சு. 1999இல் பென்டியம் 3ஓட எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்கள் வந்தன. எடுத்து வைக்க வேண்டிய இடம் 512 பைட் ஆச்சு. 2011இல் ஏவிஎக்ஸ் வந்ததும் 832 பைட். பிறகு ஏவிஎக்ஸ் 512 வந்தப்போ ரெஜிஸ்டர்கள் மட்டுமே 2 கிலோபைட். தசமக் கணக்கு மட்டும்தான் இதையெல்லாம் பயன்படுத்தும்னு இல்லை. சாதாரணமா மெமரியைக் காப்பி பண்றதுக்குக்கூட இந்த ரெஜிஸ்டர்கள்தான். 2010லேர்ந்து இன்டெல் சிப்புகளில் வந்த ஏஇஎஸ் கட்டளைகள் நம்ம பாஸ்வேர்டையும் வங்கிப் பரிமாற்றத்தையும் பூட்டற சாவிகளையும் இதே ரெஜிஸ்டர்களில்தான் வைக்கும். அதாவது கணக்குப் பிள்ளையோட மேஜை, வீட்டோட சாவி மாட்டற ஆணியாவும் ஆயிடுச்சு.

ரெண்டாவது, குடித்தனக்காரங்க வந்தாங்க. இஸ்ரேலைச் சேர்ந்த கும்ரானெட் என்கிற சின்ன கம்பெனியில் அவி கிவிட்டி எழுதின கேவிஎம், 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20ஓட வெளிவந்தது. லினக்ஸ் கெர்னலே ஒரு ஹோஸ்டா மாறிடுச்சு. 2008இல் ரெட் ஹேட் அந்தக் கம்பெனியை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது.

கேவிஎம்மும் சோம்பல் முறையைத்தான் எடுத்துக்கிட்டது. ஆனா இங்கே சோம்பல் ரெண்டு அடுக்கு. கெஸ்டுக்குள்ளே ஓடற ஆபரேட்டிங் சிஸ்டம் தனக்குன்னு அந்தப் பிட்டைப் போடும். வெளியே ஹோஸ்டும் தன் பங்குக்கு அதையே போடும். 'நில்லு'ன்னு குரல் வந்தா, அது உள்ளே இருக்கிற சோம்பேறிக்கா, வெளியே இருக்கிற சோம்பேறிக்கான்னு பிரிச்சுப் பார்க்கணும். இந்தக் கணக்கைச் சரியா வைக்கிறதுக்குன்னே கேவிஎம்மில் கணிசமான கோட் இருந்தது.

இதுக்கிடையில் சோம்பல் லாபமாவும் இல்லாமப் போச்சு. எல்லா புரோகிராமும் இந்த ரெஜிஸ்டர்களைத் தொட ஆரம்பிச்சதால 'நில்லு' குரல் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் நின்னு போறதைவிட, ஆள் மாறும்போதே எடுத்து வைக்கிறது மலிவாச்சு. எது மாறியிருக்கோ அதை மட்டும் எழுதற புதுக் கட்டளைகளையும் இன்டெல் கொடுத்துச்சு. 2012இல் இன்டெல் பொறியாளர் சுரேஷ் சித்தா, புது சிப்புகளுக்கு லினக்ஸில் உடனுக்குடன் மாத்தற முறையைக் கொண்டுவந்தார். 2016இல் ஆண்டி லூட்டமிர்ஸ்கி அதை எல்லா சிப்புக்கும் பொதுவாக்கினார். 2017இல் பாவ்லோ போன்சினி கேவிஎம்மிலிருந்தும் சோம்பல் கோடை நீக்கினார். இவங்க செஞ்ச மாற்றங்களுக்கு முக்கியக் காரணம் வேகமும் எளிமையும்தான். அதே வேலை ஒரு பாதுகாப்பு ஓட்டையையும் அடைச்சது பிற்பாடுதான் ஊருக்குத் தெரிஞ்சது.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு ரெண்டு பேர் நியூஸ்ல அடிபட்டது ஞாபகம் இருக்கா? நவீன புராசஸர் அனுமதி கிடைக்கும்னு நம்பி அடுத்தடுத்த வேலைகளை முன்கூட்டியே செஞ்சு பார்க்கும். அனுமதி இல்லைன்னா முடிவைத் தூக்கிப் போட்டுடும். ஆனா கேஷ் மெமரியில் தடயம் மிச்சமிருக்கும். இதைத் தெரிஞ்சவங்க கேட்ட அடுத்த கேள்வி: அந்த ஒரு பிட் காவல் மட்டும் என்னவாம்?

புராசஸர் 'நில்லு'ன்னு சொல்றதுக்கு முந்தி ஒரு கண நேரம், பழைய ஆளோட ரெஜிஸ்டரை எடுத்து ரெண்டு மூணு கட்டளை ஓட்டிடுது. அது போதும். 2018 ஜூன் 13 அன்னைக்கு இது 'லேஸி எஃப்பி'ங்கிற பேரில் வெளியானது. கண்டுபிடிச்சவங்களா சொல்லப்பட்டவர்கள் அமேசான் ஜெர்மனியின் யூலியான் ஸ்டெக்லினா, சைபரஸ் டெக்னாலஜியின் தோமஸ் பிரெஷர், சிஸ்கோ நிறுவனத்தோடு குழப்பிக்கக் கூடாத சிஸ்கோ, அதாவது எஸ்ஒய்எஸ்ஜிஓ நிறுவனத்தின் ஸ்டெனெக் சோய்கா. இன்டெல் கோர் வரிசைச் சிப்புகளில் இது வேலை செஞ்சது. கொஞ்சம் தாமதமா வெளியிடணும்னுதான் திட்டம். ஆனா அதுக்கு முன்னாடியே ஒட்டாவாவில் நடந்த பிஎஸ்டிகேன் மாநாட்டில் ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட் இதைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட ஃப்ரீபிஎஸ்டிகாரர் கோலின் பெர்சிவல் சுமார் அஞ்சு மணி நேரத்தில் வேலை செய்யற தாக்குதல் கோடையே எழுதிட்டார். அப்புறம் என்ன ரகசியம்?

புது லினக்ஸ் தப்பிச்சது. பழைய கெர்னலில் ஓடிட்டு இருந்த சர்வர்கள், ஸென் ஹைப்பர்வைசர், விண்டோஸ் எல்லாம் அவசரத் திருத்தம் போட வேண்டியிருந்தது. 1982இல் வேலையை மிச்சம் பண்ண வந்த பிட், 36 வருஷம் கழிச்சு அடுத்தவன் சாவியைக் காட்டிக் கொடுக்கிற ஓட்டை ஆச்சு. பிட் மாறவே இல்லை, தறியைப் பங்கு போட்டுக்கிற ஆட்கள்தான் மாறிட்டாங்க.

சரி, உடனுக்குடன் மாத்திட்டா பிரச்சினை தீர்ந்ததா? 2019 ஜூலையை நினைச்சுப் பாருங்க. 40 வருஷத்துக்கு ஒரு தடவை குளத்திலிருந்து வெளியே வர்ற அத்தி வரதரைப் பார்க்க இந்த ஊரே நிரம்பி வழிஞ்ச மாதம். அதே மாதம் லினக்ஸ் 5.2 வெளிவந்தது. அதில் எண்களைத் திரும்ப ஏத்தற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தாங்க. ஒரு பயனர் தன்னோட விண்டோஸ் 10 கெஸ்டில் வினோதமான பிழைகள் வருதுன்னு புகார் சொன்னார். கெஸ்ட் ஓடற இடைவெளியில் ஹோஸ்ட் அந்த ரெஜிஸ்டர்களை எடுத்துக்கிட்டா, கெஸ்டோட எண்களைத் திரும்ப ஏத்தறது ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது. இது திருட்டு இல்லை, அதைவிட மோசம்னுகூடச் சொல்லலாம். கெஸ்ட் தப்பான எண்ணை வெச்சு நிம்மதியா கணக்குப் போட்டுட்டே போகும். அந்த மாதமே திருத்தம் வந்துடுச்சு.

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். லேஸி எஃப்பி வெளியான அடுத்த மாதம், 2018 ஜூலையில், சென்னையிலிருந்து ஒரு செய்தி. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவின் சக்தி புராசஸர், ஒரு சிப்பா தயாராகி லினக்ஸை பூட் பண்ணியது. தயாரிப்பு இன்டெலின் ஓரிகன் ஆலையில், 22 நானோமீட்டரில். அதே வருஷக் கடைசியில் இன்னொரு சக்தி சிப் சண்டிகர் ஆலையில், 180 நானோமீட்டரில் தயாரானது.

சக்தி பின்பற்றுவது ரிஸ்க் ஃபைவ் விதிமுறையை. அதுவும் கஹானோட அதே பெர்க்லியில் 2010இல் தொடங்கினது. அதில் ஃப்ளோட்டிங் பாயின்டுக்கு ஒரே ஒரு காவல் பிட் இல்லை, ரெண்டு பிட் இருக்கு. அது நாலு நிலை சொல்லும்: அணைஞ்சிருக்கு, ஆரம்ப நிலை, சுத்தம், அழுக்கு. லினக்ஸ் ஆள் மாத்தும்போது, 'அழுக்கு'ன்னு இருந்தா மட்டும் பழைய எண்களை எழுதி வைக்கும். சுத்தமா இருந்தா மெமரியில் ஏற்கெனவே அதே எண்தான் இருக்கு, எழுதவே வேண்டாம். ஆனா புது ஆளுக்கு அந்த ரெஜிஸ்டர்கள் திறந்திருந்தா, அவர் எண்களை அப்பவே ஏத்திடும்.

கெஸ்ட் விஷயத்திலும் இதே பாடம்தான். ரிஸ்க் ஃபைவுக்கான கேவிஎம்மை முன்னெடுத்தவர்கள், அப்போ வெஸ்டர்ன் டிஜிட்டலில் இருந்த அனூப் படேலும் அதீஷ் பத்ராவும். 2019 ஜூலையில் முதல் வடிவம் வந்தது. விதிமுறை இறுதியாகிற வரைக்கும் காத்திருந்து, 2022 ஜனவரியில் லினக்ஸ் 5.16ஓடதான் வெளியானது. இதில் ஃப்ளோட்டிங் பாயின்ட் பகுதியை எழுதினவர் அதீஷ் பத்ரா. கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவை தாவும்போதும் மாத்தறதில்லை. கெஸ்டை ஓட்டற அந்தச் சுற்றுக்குள்ளே நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. அவரும் இதை 'லேஸி'ன்னுதான் சொன்னார்.

அப்போ சோம்பல் தப்பா? எனக்குத் தோணறது, சோம்பலில் ரெண்டு வகை இருக்கு. தேவையில்லாத வேலையைச் செய்யாம விடறது ஒண்ணு. அடுத்தவன் பொருளைப் புழங்கற இடத்தில் போட்டுட்டு, யாரும் தொட மாட்டாங்கன்னு நம்பறது இன்னொண்ணு. வருஷக்கணக்கா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிட்டோம்.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். வேற முதலாளி ஆள் யாராவது வீட்டுக்கு வந்தா, அவர் தறியில் இருக்கிற முந்தி மேல ஒரு துண்டைப் போட்டு மூடுவார். டிசைன் போயிடக் கூடாதுன்னு. "துண்டு போட்டா போதுமா பெரிப்பா?"ன்னு கேட்டேன். "வந்தவன் திண்ணையோட போயிட்டா போதும்டா. தறியிலயே அவன் உட்காரப் போறான்னா, சுருட்டி உள்ள வெச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்"னார். திரும்பவும் நாடாவை எறிய ஆரம்பிச்சுட்டார்.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.